பாட்டு எங்கே போனது என்று கேட்கிறவர்களுக்கு



நீளமான பதிவு. ஆறுதலாக வாசிக்க நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமென்ட் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கடைசி வரை வந்துவிட்டு அதன் பிறகு சண்டை பிடியுங்கள்.

நம்ம ஊர் வட்ஸ்அப் குரூப்பில் போன கிழமை ஒரு பழைய கலியாண வீட்டுப் படம் வந்தது. கறுப்பு வெள்ளை. ஓலைப் பந்தல், பெற்றோமெக்ஸ் லாம்பு, அதன் கீழே றபானோடு நாலு பேர். அதில் ஒருவர் வாயைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். படம் வந்த அரை மணித்தியாலத்தில் அழுகிற முகங்கள் வரிசையாக விழுந்தன. "அந்தக் காலம் இனி வருமா" என்றார் ஒருவர். அடுத்தவர் "மௌலவிமார்தான் எல்லாத்தையும் அழிச்சாங்க" என்றார். இன்னொருவர் "ஹராமை நினைச்சு ஏங்க வேணாம், தௌபா செய்ங்க" என்றார். வெளிநாட்டிலிருந்து ஒரு தம்பி "எல்லாம் போனால வந்த வினை" என்று போட்டார், போனில்தான். இரவு பதினொன்றுக்கு அட்மின் குரூப்பைப் பூட்டிவிட்டார்.

நான் அங்கே ஒன்றும் எழுதவில்லை. முப்பது வருசம் இந்தக் கரையில் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அதை இங்கே எழுதுகிறேன். மௌலவிமாரும் போனும் பிறகு வந்தவர்கள். அவர்கள் வர முன்னமே பாட்டு போகத் தொடங்கிவிட்டது.

எதற்காக ஏங்குகிறோம் என்பதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்வோம். இளையவர்களுக்கு இது தெரியாது.

நோன்பு காலத்தில் சஹர் பாவா வருவார். பச்சைத் தலைப்பாகை, ஒரு கையில் அரிக்கன் லாம்பு, மற்றக் கையில் தாயிரா. இரண்டரை மணிக்கு ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் சத்தம் கேட்கும். பைத் படித்துக்கொண்டே வருவார். நம்ம வீட்டு வாசலுக்கு வந்ததும் வாப்பாவின் பெயரைப் பாட்டுக்குள் இழுத்துப் போட்டு, "எழும்புங்க" என்பதையும் அதே மெட்டில் சொல்லிவிட்டுப் போவார். உம்மும்மா எழும்பி லாம்பைக் கூட்டினால்தான் அடுத்த வீட்டுக்கு நகருவார். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வாசல்களில் தாயிராவை அடிக்க மாட்டார், விரலால் தட்டுவார். பெருநாளைக்கு வீடு வீடாக வந்து அரிசியும் காசும் வாங்கிப்போவார். அதுதான் அவருடைய சம்பளம்.

கலியாணமென்றால் இரவில்தான். மாப்பிள்ளை நடந்து வருவார். முன்னாலும் பின்னாலும் பெற்றோமெக்ஸைத் தலையில் சுமந்து வருகிறவர்கள், நடுவில் பைத் கூட்டம், சில ஊர்களில் களிகம்பும் உண்டு. களிகம்பு அடிக்கிறவர்கள் சோடி சோடியாகத்தான் நிற்க வேண்டும், ஒருவர் பிந்தினால் அடுத்தவரின் விரல் போய்விடும். அண்ணாவியார் பாட்டைத் தூக்கத் தூக்கக் கம்பும் வேகம் பிடிக்கும். அரை மைல் தூரத்தை இரண்டு மணித்தியாலம் நடந்து வந்த மாப்பிள்ளைமாரை நான் கண்டிருக்கிறேன். பெண் வீட்டு வாசலில் குரவை. உள்ளே பெண்கள் தனியாக றபானைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பொச்சுமட்டை நெருப்பில் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரரின் கஞ்சத்தனம், மாமியின் மூக்கு, மச்சானின் சைக்கிள் எல்லாம் அந்தப் பாட்டில் வரும். ஆம்பிளைகளுக்கு வெளியில் நின்று கேட்கத்தான் அனுமதி. எனக்கு எட்டு வயது வரைக்கும் உள்ளே போக முடிந்தது. அதை நான் செய்த பாக்கியமென்றே நினைக்கிறேன்.

பிறகு அம்பா. உடப்புப் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒக்டோபர் கழிந்து மேற்குக் கடல் அடங்கினால் கரைவலை தொடங்கும். தோணி வலையை விட்டுக்கொண்டு கடலுக்குள் வளைந்து போய்க் கரைக்கு வரும். இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கும். இருபது முப்பது பேர். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணி மீன் போய்விடும். அந்த அளவைச் சரியாக வைப்பதுதான் அம்பா. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பொருத்தி இழுப்பார்கள். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு நீண்டு வரும், மூச்சு விட இடமிருக்கும். மடி கிட்ட வரவரப் பாட்டு குறுகி அடிமேல் அடியாக விழும். பாட்டுக்காரர் சும்மா பாடகர் இல்லை, கடலைப் பார்த்துத் தொழிலை நடத்துகிறவர். சோழகம் தொடங்கினால் அதே ஆட்கள் கிழக்குக் கரைக்கு வாடி போவார்கள், பாட்டும் கூடப் போகும். கொத்தாந்தீவு, புளிச்சாக்குளம் பக்கத்து நம்மவர்களுக்கும் அந்த ஓசை தெரியும். சாமியின் பெயர் வரும் இடத்தில் நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் இழுப்பார்கள். அடுத்த அடியில் மறுபடியும் சேர்ந்துகொள்வார்கள். அதை யாரும் பிரச்சினையாக்கியதில்லை.

கற்பிட்டிப் பக்கத்தில் சீசனுக்கு வந்து வாடியடித்த நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர்களின் கிற்றாரும் பைலாவும் தனிக் கதை. தலவில திருவிழாக் காலத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். போகாதவர் யாரென்று கையைத் தூக்கச் சொன்னால் என் வயதில் நாலு பேர்கூடத் தேற மாட்டார்கள். நித்தி கனகரத்தினத்தின் பாட்டும் ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனியும் நமக்கு ரேடியோவில் கேட்டது பாதி, அந்த வாடிகளில் கேட்டது பாதி. சுராங்கனி 1977இல் தமிழ்நாட்டுச் சினிமாவுக்குள் போனபோது நம்ம வாடிப் பாட்டு அங்கே போய்விட்டதென்று நாங்கள் பெருமைப்பட்டோம்.

இவ்வளவும் இருந்தது. இனி, எப்படிப் போனது?

நான் மேலே சொன்னவற்றில் எதுவும் கச்சேரி இல்லை. டிக்கட் போட்டு யாரும் கேட்கவில்லை. சஹர் பாவா ஊரை எழுப்பினார், அம்பா வலையை இழுத்தது. பைத் கூட்டம் மாப்பிள்ளையை இருட்டில் வழிநடத்திக் கொண்டுபோய் விட்டது. பெண்களின் றபான் இரண்டு குடும்பத்துக் கூச்சத்தைப் போக்கியது. தாலாட்டு பிள்ளையை உறங்க வைத்தது. பன்பாய் இழைக்கும்போது பாடிய பாட்டு நாரிநோவை மறக்க வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையை வேறொன்று செய்யத் தொடங்கிய நாளில் பாட்டுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

பள்ளி ஒலிபெருக்கி ஊரை எழுப்பத் தொடங்கியதும் சஹர் பாவாவுக்கு வேலை குறைந்தது. பிறகு மணிக்கூடு அலாரம், அதன் பிறகு போன். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவர் வந்தார், ஆனால் எழும்புகிறதற்கு அவர் தேவைப்படவில்லை. தேவைப்படாத ஆளுக்குப் பெருநாளன்று கொடுக்கிற காசின் பெயர் மாறிவிடுகிறது. முன்பு கூலி, பிறகு சதக்கா. அந்த மாற்றத்தை அவர் முகத்தில் நான் கண்டிருக்கிறேன். அவருடைய மகன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை, வந்திருக்கவும் கூடாது.

பல கரைகளில் கரைவலையை உழவு மெசினில் பூட்டிய வின்ச் இழுக்கத் தொடங்கியது. முப்பது பேர் வேலையை நாலைந்து பேரோடு முடித்துவிடலாம். மெசினுக்குப் பாட்டுத் தேவையில்லை, அதன் சத்தத்தில் பாடினாலும் கேட்காது. கரைவலைக்காரரைக் குறை சொல்லவும் ஏலாது. கூலிக்கு ஆள் இல்லை, பொடியன்மார் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள், மீனும் முன்னைப்போல் இல்லை. முதுகுத்தண்டு தேய்ந்தவரிடம் போய் "ஏன் காக்கா அம்பாவை விட்டீங்க" என்று கேட்டால் கயிற்றை நம் கையில் தந்துவிடுவார். தரத்தான் வேண்டும்.

கலியாண வீட்டில் நடந்ததுதான் எனக்கு மிகவும் யோசிக்க வைக்கிறது. எழுபத்தேழுக்குப் பிறகு நம்மவர்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். முதலில் திரும்பி வந்தவர்களோடு வந்தது ரேடியோ கசெட் செட். கூடவே நாகூர் ஹனீபாவின் கசெட்டுகள். பந்தலில் ஹோர்ன் ஸ்பீக்கரைக் கட்டி ஹனீபாவைப் போட்டார்கள். ஊரே கேட்டது. நானும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது. 2015இல் அவர் மௌத்தானபோது நம்ம வீடுகளிலும் அழுதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஹனீபா பாடும் பந்தலில் நம்ம ஊர்ப் பைத்காரர் எப்படி வாயைத் திறப்பார்? அவருடைய குரல் கொஞ்சம் கரகரப்பு, ஒரு பல் இல்லை, சில இடத்தில் சுதி போய்விடும். முந்தின வருசம் வரைக்கும் அது குறையாகத் தெரியவில்லை. ஸ்பீக்கர் வந்த வருசம் தெரிந்தது. "நானா, கொஞ்சம் பொறுங்க, இந்தப் பாட்டு முடியட்டும்" என்றார்கள். பாட்டு முடியவேயில்லை, கசெட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

இன்று பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் ஹனீபா கசெட்டையும் அந்தப் பொற்காலத்தில் சேர்க்கிறார்கள். நம்ம பந்தலில் உயிரோடு இருந்த பாட்டை முதலில் அமர்த்தியது அந்தக் கசெட்தான். ஹனீபாவில் பிழை இல்லை. கிட்ட இருந்த குரலை விடத் தூரத்துக் குரல் நமக்கு மரியாதையாகப் பட்டது. அது நம்முடைய பிழை. 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாஹினி என்று தொலைக்காட்சி வந்ததும் இரவில் திண்ணையில் உட்காருகிற ஆட்களும் குறைந்தார்கள். யுத்த காலத்தில் இரவு ஊர்வலம் போக ஏலாத வருசங்களும் இருந்தன. இன்று மண்டபத்தில் நாலு மணித்தியாலக் கலியாணம். மாப்பிள்ளை வேனில் வந்து இறங்குகிறார். வழியே இல்லாதபோது வழிநடைப் பாட்டு எங்கிருந்து வரும்?

இனி மார்க்க விசயம். பத்வா கொடுக்க நான் ஆளில்லை. இசைக்கருவிகள் விசயத்தில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, பேணுதலாக ஒதுங்குகிறவரை நான் மதிக்கிறேன். ஆனால் பெருநாள் தினத்தில் ஆயிஷா நாயகியின் வீட்டில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரழி) அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதையும் புஹாரியில் படித்தவர்கள்தான் நாம். கலியாணத்தில் தஃப் அடித்ததற்கும் ஹதீஸ் இருக்கிறது. பாவாவின் கையிலிருந்த தாயிராவும் ஏறக்குறைய அதே சாதிப் பறைதான். அதையும் டிஜேயையும் ஒரே தராசில் போட்டு இரண்டும் ஒன்று என்பது நியாயமாகப் படவில்லை. நடைமுறையில் நடந்தது என்னவென்றால், நம்ம கண்டிப்பு முழுவதும் றபான் மேல்தான் விழுந்தது. அடித்தவர்கள் ஏழைகள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வசதியுள்ள வீட்டு மண்டபத்தில் சினிமாப் பாட்டுப் போகும்போது அதே கண்டிப்பை நான் அதிகம் காணவில்லை. இதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

இதில் இன்னும் கசப்பான ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பாட்டுக்காரர்களை நாம் எப்படி வைத்திருந்தோம்?

வட்ஸ்அப் படத்திலிருந்த நாலு பேரின் பெயரைக் கேட்டு ஒருவர் கொமென்ட் போட்டிருந்தார். இருநூறு பேர் அழுத குரூப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் பெயர் தெரிந்தது, பந்தல் போட்ட ஹாஜியாரின் பெயர் தெரிந்தது, பின்னால் தெரிகிற மொறிஸ் மைனர் காரின் சொந்தக்காரர் பெயர்கூடத் தெரிந்தது. சாப்பாடு வைக்கும்போதும் அப்படித்தான். சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து எழும்பிய பிறகுதான் பக்கீர்மாருக்குத் தனியாகப் பாய் விரிப்பார்கள். "பக்கீர்" என்ற சொல்லை நம்ம வீடுகளில் பிள்ளைகளைப் பயங்காட்டவும் ஏசவும் பாவித்தோம். படிக்காவிட்டால் தாயிராதான் தட்டுவாய் என்று வகுப்பில் சொன்ன ஆசிரியர்களிடம் நான் படித்திருக்கிறேன். இவ்வளவையும் செய்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகள் ஏன் இந்தக் கலையைத் தொடரவில்லை என்று கேட்கிறோம்.

சிராம்பியடிக் காப்பிரி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தளம் நகரத்துக்குக் கிட்ட, நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆபிரிக்கப் படையணியைக் கலைத்தபோது புத்தளத்தில் குடியேற்றப்பட்டவர்கள். அவர்களுடைய பாட்டு மஞ்ஞா. மிக மெதுவாகத் தொடங்கும், யாரோ வாசலில் உட்கார்ந்து முனகுகிற மாதிரி. பிறகு றபானும் போத்தலும் சிரட்டையும் கரண்டியும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வேகமெடுக்கும். கடைசியில் உட்கார்ந்திருக்கிறவர் உட்கார்ந்திருக்க ஏலாது. பாட்டு போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில். வீட்டில் அந்த மொழி இப்போது புழக்கத்தில் இல்லை, சிங்களமும் தமிழும்தான். பல சொற்களின் அர்த்தம் பாடுகிற பிள்ளைகளுக்கே தெரியாது. ஆனாலும் பாட்டு இருக்கிறது.

எப்படி இருந்தது? நான் சொன்ன "வேலை" அதற்கு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு விளங்குவது இதுதான்: அவர்கள் அதை வெளியாளுக்காகப் பாடவில்லை. பிறந்த நாள், கலியாணம், விருந்து என்று குடும்பம் கூடினால் பெரியம்மா தொடங்குவார், பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். கூலிக்குப் பாடிய நம்ம பாட்டுக்காரரைக் கூலி கைவிட்டபோது பிடிக்க யாருமில்லை. மஞ்ஞாவைக் குடும்பம் பிடித்துக்கொண்டது. இப்போது அவர்களை மேடைகளுக்கும் கூப்பிடுகிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். மேடைக்குப் போனால் பாட்டு கெட்டுவிடும் என்று சிலர் மூக்கைச் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. பாடியதற்குக் காசும் கைதட்டலும் கிடைப்பதில் என்ன கேடு?

இலங்கை முழுக்கக் கலியாண வீடுகளில் ஆடுகிற பைலாவோடு சேர்ந்து வளர்ந்த தாளத்துக்குக் கஃப்ரிஞ்ஞா என்று பெயர். அந்தப் பெயரிலேயே காப்பிரி இருக்கிறது. நாடே அவர்களுடைய பெயரைச் சொல்லி ஆடியது. நாம் பாடசாலையில் சுருட்டை முடிப் பிள்ளையை அதே பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தோம்.

இன்னொரு கூட்டத்தையும் இந்தக் கதையில் நாம் மறந்துவிடுகிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது நம்ம மாவட்டத்துக்கு. ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி, கரம்பை, நாகவில்லு என்று ஓலைக் கொட்டில்கள் எழும்பின. நான் அப்போதுதான் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஒரு வகுப்பில் நூற்றுக்கும் மேல் பிள்ளைகள், பாதிப் பேருக்குக் கொப்பி இல்லை. உடுத்த உடுப்போடு வந்தவர்கள் பாட்டை மட்டும் கொண்டுவர முடிந்தது, அதற்குப் பெட்டி தேவையில்லை. முகாமில் இரவில் மன்னார்ப் பக்கத்து உம்மா ஒருவர் தாலாட்டுப் படித்ததை நான் கேட்டேன். நம்ம தாலாட்டின் அதே மெட்டு, ஆனால் நடுவில் ஒரு வளைவு, நம்மவர்கள் இறக்கிற இடத்தில் அவர் ஏற்றினார். அந்த ஒரு வளைவில் அவருடைய ஊர் இருந்தது. இன்று மூன்றாவது தலைமுறை இங்கே பிறந்துவிட்டது. "ஊராள்", "அகதி" என்ற பேச்சு தேர்தல் வந்தால் இன்னும் தலையெடுக்கிறது. அந்த வளைவை யாராவது கேட்டு வைத்திருக்கிறோமா? அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போய்விட்டார்கள், மிச்சப் பேரின் முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஆசிரியர். கடைசியில் எனக்குத் தெரிந்த இடத்துக்கே வருகிறேன்.

ஒவ்வொரு வருசமும் தமிழ்மொழித் தினப் போட்டி வருகிறது. நாட்டார் பாடலுக்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. நாம் என்ன செய்கிறோம்? யூடியூபைத் திறக்கிறோம். மட்டக்களப்பு வயல் பாட்டு, இல்லாவிட்டால் தமிழ்நாட்டுச் சினிமாவில் வந்த கும்மி. பிள்ளைகளுக்கு நெற்கதிர் மாதிரி அட்டை வெட்டிக் கையில் கொடுக்கிறோம். கடலிலிருந்து ஒரு மைல் தூரத்தில் பிறந்து, வாழ்க்கையில் வயலில் கால் வைக்காத பிள்ளை அரிவி வெட்டுப் பாட்டுப் பாடி வலய மட்டத்தில் இரண்டாமிடம் எடுக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பா அம்பாவுக்கு எடுத்துக் கொடுத்தவர். பரிசைக் கொண்டுபோய்க் காட்டியபோது "நல்லம் மகள்" என்று மட்டும் சொன்னாராம். வேறு என்ன சொல்வார்?

கிழக்கில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் முஸ்லிம் நாட்டார் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாக்கினார்கள். அதனால்தான் கிழக்கின் பாட்டு நமக்கு யூடியூபிலும் பாடப் புத்தகத்திலும் எட்டுகிறது. நம்ம கரையின் பாட்டில் பெரும் பகுதி இன்னும் ஆட்களின் தொண்டையில்தான் இருக்கிறது. அந்தத் தொண்டைகளுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது.

ஊரில் ஒரு கலாசார விழா வைக்க வேண்டும், மேடை போட்டு "பழமைக்குத் திரும்புவோம்" என்று செய்ய வேண்டும் என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். நல்ல நோக்கம். ஆனால் ஒலி, ஒளி, பெனர், பிரதம அதிதிக்குப் பொன்னாடை என்று செலவு போன பிறகு, பாடுகிறவருக்கு ஒரு பார்சல் சாப்பாடும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து வேண்டாம். அந்தக் காசை எடுங்கள். ஊரில் பாட்டுத் தெரிந்த பத்துப் பேரைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட் கூலி கொடுங்கள், மேசன் பாசுக்குக் கொடுக்கிற கூலியை விடக் குறையாமல். அவருடைய வீட்டுத் திண்ணையில் அவரை உட்கார வைத்து நாலு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். போனில் பதியுங்கள். போனைத் திட்டியே பழகிவிட்டோம், இந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை. பெயர், ஊர், யாரிடம் படித்தார், எந்த வேலையின்போது பாடினார் என்று முதலில் கேட்டுப் பதிந்துவிட்டுப் பாட்டுக்குப் போங்கள். மறந்துபோன இடத்தில் அவர் நிற்கட்டும், அவசரப்படுத்த வேண்டாம். நம்ம வேலை எடிட்டிங் இல்லை.

பெண்களின் பாட்டை ஆண்கள் பதிய முடியாது, அவர்களும் விரும்ப மாட்டார்கள். அது ஆசிரியைமாரும் உயர்தர வகுப்புப் பெண் பிள்ளைகளும் செய்ய வேண்டிய வேலை. குரல் வெளியே போகக்கூடாது என்று அந்த உம்மா சொன்னால் போகக்கூடாது. எழுதி வைக்கலாம், பேத்திக்குப் படித்துக் கொடுக்கலாம். மெட்டு அந்த வீட்டுக்குள்ளாவது இருக்கட்டும்.

பாட்டெல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வின்ச்சைக் கழற்றிவிட்டு முப்பது பேர் கயிறு பிடிக்கப் போவதில்லை, சஹருக்குப் போன் அடிப்பதும் நிற்காது. ஆனால் வருகிற வருசம் நாட்டார் பாடல் போட்டிக்கு எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அம்பா பாடுவார்கள். கயிறு உண்மையான கயிறாக இருக்கும். ஒரு அப்பாவிடம் கதைத்துவிட்டேன். முதலில் "எனக்கு எல்லாம் மறந்து போச்சு சேர்" என்றார். பேரனிடம் கயிற்றின் ஒரு தொங்கலைக் கொடுத்து அவர் கையில் மற்றத் தொங்கலைக் கொடுத்தோம். ஆறேழு அடி வந்தது. நடுவில் ஒரு அடி கெட்ட வார்த்தை, அதை மட்டும் மாற்ற வேண்டும்.

அதிபர் அனுமதி தந்திருக்கிறார். தவணை விடுமுறையில், வெள்ளி தவிர்ந்த நாட்களில், அஸருக்குப் பிறகு நாங்கள் வீடுகளுக்கு வருவோம். உங்கள் வீட்டில் அல்லது அயலில் அம்பா, பைத், களிகம்புப் பாட்டு, றபான் பாட்டு, தாலாட்டு, பாய் இழைக்கிற பாட்டு எது தெரிந்தவர் இருந்தாலும் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், உங்களுடையதை முதலில் பதிய விரும்புகிறோம். கூலிக்காக நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் காசு ஒதுக்கியிருக்கிறோம், யாரிடமும் வசூல் இல்லை.

அந்தக் கலியாணப் படத்தில் இருக்கிற நாலு பேரில் ஒருவரையாவது அடையாளம் தெரிந்தவர்கள் கொமென்டில் பெயரைப் போடுங்கள். அழுகிற முகம் போட வேண்டாம்.

வஸ்ஸலாம்.